ஏ என்கிற காண்ட்ராக்டரும் பி என்கிற எங்கப்பாவும்

போன வருஷம் தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பா கூப்பிட்டார். அவர் போன்ல அதிகம் பேசுற ஆள் கிடையாது. "சாப்டியா? அங்க மழையா?" ரெண்டே கேள்வி, அப்புறம் போன் அம்மா கைக்குப் போயிடும். அன்னிக்கு மூணாவதா ஒண்ணு சேர்த்துக்கிட்டார். "ஹால்ல ஒழுகுது கண்ணு."

எனக்கு பக்குன்னு ஆச்சு. ஏன்னா ராசிபுரத்துல இருக்கிற அந்த வீட்டைப் புதுப்பிச்சு முழுசா எட்டு மாசம்கூட ஆகலை. 1984ல் அப்பா வாத்தியார் சம்பளத்துல கட்டின வீடு. மாடியில பழைய சுர்க்கித் தளம் பொரிஞ்சு போச்சுன்னு அதைப் பேத்து எடுத்துட்டு புதுத் தளம் போட்டு, மேல தட்டோடு பதிச்சு, கீழே பூச்சு வேலை, டைல்ஸ், பாத்ரூம்னு எல்லாம் செஞ்சோம். பெங்களூர்ல உக்காந்து பொட்டி தட்டி நான் சேர்த்த பணமும், அப்பாவோட ரிட்டையர்மென்ட் பணத்துல ஒரு பகுதியும் அதுல போச்சு. கூலி மட்டும் காண்ட்ராக்ட், 3,60,000 ரூபாய். சாமான் எல்லாம் நாங்க வாங்கிக் கொடுத்தது. கூலியில 60,000 ரூபாய் பாக்கி இருந்தது.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டா, "நீங்க எடுத்த சிமெண்ட் சரியில்லைங்க சார்"னார். அடுத்த தடவை, "பாக்கிய செட்டில் பண்ணுங்க, வந்து பாக்கறேன்"னார். அதுக்கு அடுத்த தடவை போனே எடுக்கலை. நம்ம மக்கள் எல்லாருக்கும் இந்த மூணு கட்டமும் தெரிஞ்சிருக்கும்.

நான் கொதிச்சுப் போய் "கேஸ் போடலாம்பா"ன்னேன். அப்பா சொன்ன பதில்தான் என்னை இந்தப் பதிவு வரைக்கும் இழுத்துட்டு வந்தது. "அவன் எங்கிட்ட எட்டாவது படிச்ச பையன்டா. கோர்ட்டுல போய் அவனுக்கு எதிரா நிக்கச் சொல்றியா?"

சரி, கோர்ட்டுக்குப் போறமோ இல்லையோ, இந்த மாதிரி சண்டையை இதுக்கு முன்னாடி மனுஷங்க எப்படித் தீர்த்தாங்கன்னு பாப்போமேன்னு ஆரம்பிச்சேன். ஆபீஸ்ல பில்ட் ஓடுற நேரத்துல எல்லாம் படிச்சேன் (மேனேஜர் இந்தப் பக்கம் வரமாட்டார்ங்கிற நம்பிக்கையில சொல்றேன்). படிக்கப் படிக்க, இது கிட்டத்தட்ட நாலாயிரம் வருஷத்துப் பழைய சண்டைன்னு தெரிஞ்சது.

சதுரத்துக்கு இவ்வளவு

நம்ம ஊர்ல கட்டட வேலைக்குக் கூலி பேசும்போது "சதுரத்துக்கு எவ்வளவு"ன்னுதானே பேசறோம்? ஒரு சதுரம்னா நூறு சதுர அடி. இது ஏதோ சேலம், நாமக்கல் வழக்கம்னு நினைச்சிருந்தேன்.

பாபிலோன் ராஜா ஹமுராபி, கி.மு. 1792லிருந்து 1750 வரைக்கும் ஆண்டவர். அவரோட சட்டங்களைச் செதுக்கின கருங்கல் தூண், 1901-02 குளிர்காலத்துல ஈரான்ல சூசாங்கிற இடத்துல பிரெஞ்சுக்காரங்க தோண்டும்போது கிடைச்சது. இப்ப பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல நிக்குது. அதுல இருக்கிற சுமார் 282 சட்டங்கள்ல 228ஆவது என்ன சொல்லுதுன்னா, வீடு கட்டி முடிச்சுக் கொடுத்த கொத்தனாருக்கு ஒரு 'சார்' பரப்புக்கு ரெண்டு ஷெகல் வெள்ளி கூலி. சார்ங்கிறது சுமார் 36 சதுர மீட்டர். நம்ம கணக்குல கிட்டத்தட்ட நாலு சதுரம். அதாவது பரப்புக்கு ரேட் பேசுறதுங்கிறது மேஸ்திரிகளோட நாலாயிரம் வருஷத்துப் பழக்கம் :)

கூலிக்கு அடுத்த சட்டத்துலயே தண்டனை ஆரம்பிக்குது. 229: வீடு இடிஞ்சு வீட்டுக்காரர் செத்தா, கட்டினவருக்கு மரண தண்டனை. 230: வீட்டுக்காரர் மகன் செத்தா கட்டினவரோட மகனைக் கொல்லணும். எல்லாரும் மேற்கோள் காட்டறது இந்த ரெண்டையும்தான், கேக்கப் பயங்கரமா இருக்கிறதால. எனக்கு வேண்டியிருந்தது யாரும் கண்டுக்காத 232உம் 233உம். இடிஞ்சதுல சாமான் வீணாப் போனா அதுக்கும் ஈடு கொடுத்து, வீட்டையும் சொந்தச் செலவுல திரும்பக் கட்டணும்னு சொல்லுது 232. வேலையைச் சரியாச் செய்யாம சுவர் சரியிற நிலைக்கு வந்தா, கட்டினவர் தன்னோட வெள்ளியைப் போட்டு அதை பலப்படுத்திக் கொடுக்கணும்ங்கிறது 233.

கவனிங்க, யாரும் சாகலை, வீடு விழலை. வேலை சரியில்லை, அவ்வளவுதான். அதுக்கு வழி: நீயே, உன் காசுல, சரி பண்ணு. எங்கப்பா கேட்டதும் இதைத்தான்.

கௌடில்யர் கேட்ட மூணு விஷயம்

அடுத்து நம்ம நாட்டுக்கு வந்தேன். கௌடில்யரோட அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டு வெறும் பேரா மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. மைசூர்ல ஓலைச்சுவடியாக் கிடைச்சதைப் படிச்சு, ஷாமசாஸ்திரி 1909ல் அச்சுல கொண்டுவந்தார். அதோட நாலாவது பகுதிக்குப் பேர் 'கண்டகசோதனம்', அதாவது முள்ளை எடுக்கிறது. மக்களுக்குத் தொல்லை கொடுக்கிற முள்களை ராஜா எப்படி எடுக்கணும்கிற பகுதி. அந்த முள் வரிசையில முதல் அத்தியாயத்துல யார் தெரியுமா? திருடன் இல்லை, கொலைகாரன் இல்லை. கைத்தொழில் செய்யறவங்க! வீட்டு வேலை பாத்து நொந்த யாரோதான் வரிசை போட்டுக் கொடுத்திருக்கணும்.

அதுல சொல்றது: வேலை செய்யற இடம், காலம், வேலையோட தன்மை எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டு வேலையைச் செய்யணும். நாள் தப்பினா கூலியில கால் பங்கு வெட்டு, அதுக்கு ரெண்டு மடங்கு அபராதம். சொன்ன மாதிரி இல்லாம வேற மாதிரி செஞ்சா மொத்தக் கூலியும் போச்சு, மேல அதுக்கு ரெண்டு மடங்கு அபராதம்.

இந்தக் கடைசி வரியைப் படிச்சப்ப ஜாலியாத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைச்சது. 'சொன்ன மாதிரி' இல்லாமன்னா, சொல்லியிருக்கணுமே? நாங்க என்ன சொன்னோம்?

அப்பாவுக்கு போன் போட்டு, "வேலையை ஒப்படைக்கும்போது அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "நல்லா பண்ணிக் குடுப்பான்னேன்"னார்.

அதான் எங்க ஒப்பந்தம் மொத்தமும். ஒரே வார்த்தை. நல்லா. ஆபீஸ்ல இப்படி ஒரு வரியில ரிக்வயர்மென்ட் வந்தா நான் மூணு மெயில் போட்டுச் சண்டை பிடிப்பேன். சொந்த வீட்டுக்கு, சொந்தப் பணத்தைப் போடும்போது நானும் அதைக் கேக்கலை.

1872: ஏ வந்தார், பி வந்தார்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ல் வந்தது. செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து அமல். இன்னிக்கும் அதேதான் நடைமுறையில இருக்கு. இதைச் சட்டமாக்கினப்ப வைஸ்ராய் சபையில சட்ட உறுப்பினரா இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். (எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபுக்குப் பெரியப்பா. பதிவுக்கு சம்பந்தமில்லை, தெரிஞ்சதை எங்கதான் சொல்றது?)

அந்தக் காலத்து ஆங்கிலேய சட்டங்கள்ல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. ஒரு பிரிவைச் சொல்லிட்டு, கீழயே குட்டிக் குட்டிக் கதைகளா உதாரணம் கொடுப்பாங்க. மெக்காலே 1837ல் தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதினப்ப பிடிச்ச முறை இது. நம்ம பாஷையில சொன்னா ஃபங்ஷனை எழுதி, கீழயே டெஸ்ட் கேஸும் எழுதி வைக்கிற மாதிரி. கதாபாத்திரங்களுக்குப் பேர் கிடையாது. ஏ, பி, சி அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை மீறினா நஷ்டஈடு எப்படிக் கணக்குப் போடறதுன்னு சொல்றது 73ஆவது பிரிவு. அதோட மூலம் இங்கிலாந்துல 1854ல் வந்த ஹேட்லி எதிர் பேக்ஸன்டேல்ங்கிற தீர்ப்பு. குளோஸ்டர்ல ஒரு மாவு மில்லுல கிராங்க் ஷாஃப்ட் உடைஞ்சு போச்சு. அதை மாதிரிக்குக் கொண்டு போனவங்க தாமதம் பண்ணிட்டாங்க. மில் மூடிக் கிடந்த நாளைக்கு லாப நஷ்டத்தை யார் கொடுக்கறது? இயல்பா ஏற்படற நஷ்டத்துக்கும், ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு கேக்கலாம்னு கோர்ட் கோடு போட்டது.

அந்த 73ஆவது பிரிவுக்குக் கீழ, உதாரண வரிசையில ஆறாவதைப் படிச்சுட்டு நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தேன். கதை இதுதான். பி-யோட வீட்டை ஒரு குறிப்பிட்ட முறையில பழுது பாத்துத் தர்றதா ஏ ஒத்துக்கறார். பணத்தை முன்னாடியே வாங்கிக்கறார். பழுதும் பாக்கறார், ஆனா பேசினபடி இல்லை. அப்ப பேசினபடி ஆக்க என்ன செலவாகுமோ அதை ஏ-கிட்டேருந்து பி வசூல் பண்ணிக்கலாம்.

150 வருஷத்துக்கு முன்னாடி, எங்க மொட்டை மாடியை எட்டிப் பாத்து எழுதின மாதிரி இல்லை? இன்னொரு உதாரணமும் உண்டு. அங்க ஏ கட்டின வீடு மொத்தமா இடிஞ்சே விழுந்துடுது. திரும்பக் கட்டற செலவு, போன வாடகை, வாடகைக்கு வரவேண்டியவருக்குக் கொடுத்த ஈடு மூணையும் ஏ தரணும். பாவம் ஏ, அந்தப் பிரிவு பூரா அவருக்கு நேரமே சரியில்லை.

ஆனா மறுபடியும் பாருங்க: 'ஒரு குறிப்பிட்ட முறையில'. கௌடில்யர் பிடிச்ச அதே இடம். சட்டம் நஷ்டக் கணக்கை ஒரு அளவுகோல் வச்சுப் பாக்குது. பேசினது ஒரு பக்கம், செஞ்சது ஒரு பக்கம், நடுவுல இருக்கிற தூரத்துக்கு என்ன செலவு. 'நல்லா'ங்கிறதை எந்த டேப்பை வச்சு அளக்கறது?

சட்டம் இருந்தது, பி போகலை

சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தும் நம்ம தாத்தா காலத்து பி-க்கள் யாரும் கோர்ட்டுக்குப் போன மாதிரி தெரியலையே, ஏன்? சேலம் வக்கீல்களுக்குப் பஞ்சமான ஊர் இல்லை. சேலம் விஜயராகவாச்சாரியார், 1900லிருந்து அங்க பிராக்டிஸ் பண்ணின ராஜாஜின்னு பெரிய பெரிய ஆளுங்க இருந்த ஊர்.

காரணம் செலவும் காலமும். சிவில் வழக்குன்னா கேக்கிற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் கட்டணம் கட்டணும். தமிழ்நாட்டுல 2017 வரைக்கும் அது நூத்துக்கு ஏழரை ரூபாய். அந்த வருஷம்தான் மூணு ரூபாயாக் குறைச்சாங்க. ஒரு லட்ச ரூபாய் ஒழுகலுக்கு ஏழாயிரத்து ஐநூறு ரூபாயை முதல்லயே கட்டிட்டு, வக்கீல் ஃபீஸ் கொடுத்து, வருஷக்கணக்கா நடக்கணும். அதுவரைக்கும் ஒழுகிட்டே இருக்கும். அந்தச் செலவுக்கு ரெண்டு தடவை தளமே போட்டுடலாம்னு எல்லாரும் விட்டுட்டாங்க.

இதுக்கு மாத்து வர 1986 ஆச்சு. 1962 மார்ச் 15ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோர் உரிமைகள்னு பேசினது, 1985ல் ஐ.நா. சபை வழிகாட்டு நெறிகள் போட்டது, இதெல்லாம் பின்னணி. 1986 டிசம்பர் 24ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைச்சது. அதனாலதான் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். மாவட்டத்துக்கு ஒரு மன்றம். வக்கீல் கட்டாயமில்லை. ஆரம்பத்துல கட்டணமும் இல்லை.

ஆனா அந்த 1986 சட்டத்துல 'சேவை'ன்னு வரிசையாச் சொன்ன பட்டியல்ல பேங்க், இன்சூரன்ஸ், போக்குவரத்து, கரண்ட்னு எல்லாம் இருந்தது. வீடு கட்டறது மட்டும் இல்லை! 1993 ஜூன்ல ஒரு அவசரச் சட்டம் போட்டு 'வீட்டுக் கட்டுமானம்'ங்கிறதைச் சேர்த்தாங்க.

அதே வருஷம் நவம்பர் 5ல் உச்ச நீதிமன்றத்துலேருந்து ஒரு தீர்ப்பு. லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா. குப்தா 1988ல் ஆணையத்துக்கிட்ட ஒரு வீட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டிட்டார். வீடு முடியவே இல்லை. மாவட்ட மன்றம், மாநில ஆணையம்னு ஏறினார். ஆணையம் தேசிய அளவு வரைக்கும் போய், 'நாங்க வீடு கட்டறவங்க, எங்களை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை'ன்னு வாதாடிச்சு. கடைசியில அரைகுறையாவே வீட்டை ஒப்படைச்சாங்க. அந்தக் குறைகளைச் சரிபண்ண ஆகிற செலவுக்கு 44,615 ரூபாயும், அலைக்கழிச்சதுக்கு 10,000 ரூபாயும் தரணும்னு உத்தரவாச்சு. உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணினதோட நிக்கலை. அவசரச் சட்டத்துக்கு முன்னாடியும் வீடு கட்டித் தர்றது சேவைதான். மட்டமான சாமான் போட்டுக் கட்டினா அது சேவைக் குறைபாடுதான்னு சொல்லிட்டாங்க. அந்தப் பத்தாயிரத்தை மக்கள் பணத்துலேருந்து கொடுக்காம, பொறுப்பான அதிகாரிகள் யாருன்னு கண்டுபிடிச்சு அவங்ககிட்ட வசூல் பண்ணுங்கன்னும் சேர்த்தாங்க.

எனக்கு இதுல பிடிச்சது அந்த 44,615. ரவுண்டா ஐம்பதாயிரம் இல்லை. யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ள போய், எது முடியலை, எது குறை, எதுக்கு என்ன செலவுன்னு வரிசையா எழுதிக் கூட்டியிருக்காங்க. அந்தக் கணக்கு முடிஞ்சதுமே பாதிச் சண்டை முடிஞ்சிருக்கும்.

2008 ஜூலையில வந்த ஃபக்கீர் சந்த் குலாட்டி தீர்ப்பும் இந்த வரிசைதான். டெல்லிக்காரர் ஒருத்தர் தன் நிலத்தை பில்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு தளமும் பணமும் வாங்கறதா ஒப்பந்தம். குறை வந்ததும் 'இது கூட்டு வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை'ன்னுட்டாங்க. இல்லை, அவர் நுகர்வோர்தான்னு சொல்லிடுச்சு உச்ச நீதிமன்றம்.

இப்ப நடைமுறையில இருக்கிறது 2019 சட்டம், 2020 ஜூலையிலிருந்து அமல். மன்றம்ங்கிற பேர் ஆணையம்னு ஆயிடுச்சு. 50 லட்சம் வரைக்கும் பணம் கொடுத்த சேவைன்னா மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். நாமக்கல் 1997 ஜனவரியில சேலத்துலேருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனதால, ராசிபுரத்துக்காரங்க சேலத்துக்கு அலைய வேண்டாம், நாமக்கல்லுக்கே போனாப் போதும்.

ரெண்டு ஓட்டை

இதைப் படிச்சுட்டு 'ஆஹா'ன்னு கிளம்பிடாதீங்க. ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு, நாள் கூலிக்கு கொத்தனார் சித்தாள் வச்சு, நீங்களே பக்கத்துல நின்னு 'இப்படிப் பூசு, அப்படிப் பூசு'ன்னு வேலை வாங்கினா, அது உங்ககிட்ட வேலைக்கு இருக்கிற ஆள் கணக்கு. நுகர்வோர் சட்டத்துல வராது. ஒருத்தர் வேலையைப் பொறுப்பெடுத்து முடிச்சுத் தர்றதா ஒத்துக்கிட்டாத்தான் சேவை.

ரெண்டாவது, 'ரெரா'ன்னு சொல்ற 2016 ரியல் எஸ்டேட் சட்டம். ஃப்ளாட் வாங்கறவங்களுக்கு அது பெரிய பலம். கையில வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ இருந்தா, சொன்ன முப்பது நாளுக்குள்ள பில்டர் இலவசமா சரி பண்ணித் தரணும். ஆனா விக்கறதுக்காக இல்லாம, இருக்கிற வீட்டைப் பழுது பாக்கறது, புதுப்பிக்கறது எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அதாவது பெங்களூர்ல ஃப்ளாட் வாங்கின என் நண்பனுக்குச் சட்டமே அஞ்சு வருஷ வாரண்டி எழுதிக் கொடுத்திருக்கு. எங்கப்பாவுக்கு அவரா எழுதி வாங்கினாத்தான் உண்டு. அவர் வாங்கினது 'நல்லா'.

மொட்டை மாடியில ஒரு காலை

குப்தாவோட 44,615 மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. ஊருக்குப் போனேன். ரெண்டு தரப்புக்கும் வேண்டாத, வேற ஊர் சிவில் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். காண்ட்ராக்டரையும் வரச் சொல்லுங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். 'கேஸ் இல்லை, சும்மா பாக்கத்தான்'னு அப்பா சொன்னதும் வந்துட்டார்.

இன்ஜினியர் முதல்ல ரெண்டு குடம் தண்ணியை ஊத்தினார். தண்ணி பைப்புக்குப் போகாம நடுவுலயே நின்னுச்சு. வாட்டம் இல்லை. அப்புறம் ஓரமா ரெண்டு தட்டோட்டைப் பேத்தார். கீழே மூணு அங்குலம் இருக்க வேண்டிய செங்கல் ஜல்லித் தளம் ஒன்றரை அங்குலம்தான் இருந்தது. அதுவும் சுண்ணாம்பு இல்லாம சிமெண்ட் கலவை.

அவர் சொல்லித்தான் பழைய முறை எனக்குத் தெரிஞ்சது. தமிழ்நாடு பொதுப்பணித்துறைக் கணக்குப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மணலே கிடையாது. பரப்பி, மரக்கட்டையால தட்டித் தட்டி இறுக்கணும். வெயில்ல கான்கிரீட் விரியும், ராத்திரி சுருங்கும். சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். சிமெண்ட் விறைப்பா நின்னு வெடிச்சிடும். சேலம் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?

காண்ட்ராக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "சுண்ணாம்புத் தளம் தட்ட இப்ப ஆளு கிடைக்கறதில்லைங்க சார்"னார். அது பொய் இல்லை. ஆனா அதை எட்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

அடுத்தது எங்க பக்கம் அடி. ஹால்ல ஒழுகின இடத்துக்கு நேர் மேல எங்க சோலார் ஹீட்டர் ஸ்டாண்டு. வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் நான் ஆர்டர் பண்ணி, வேற ஆள் வந்து மாட்டினது. தளத்துல நாலு துளை போட்டு போல்ட் இறக்கியிருக்கார். இன்ஜினியர் அதைத் தொட்டுக் காட்டிட்டு என்னையே பாத்தார். நாலு நாளா போன்ல காண்ட்ராக்டரைத் திட்டின வாய் அது. ஒண்ணும் பேசலை.

கணக்கு எழுதினோம். மொத்தமும் பேத்துத் திரும்பப் போட, ஒன்பது சதுரத்துக்கு 1,08,000 ரூபாய். கூலி முழுக்க அவரோடது. சாமான், ஸ்டாண்டு மூலை ரெண்டும் எங்களோடது. பாக்கி 60,000ல் பாதி வேலை முடிஞ்சதும், மீதி ஒரு முழு மழைக்காலம் தாண்டினதும். அரசாங்க காண்ட்ராக்ட்கள்ல குறை தீர்க்கிற காலம் முடியற வரைக்கும் ஒரு தொகையைப் பிடிச்சு வைக்கிற பழைய வழக்கத்தைத்தான் நாங்களும் எடுத்துக்கிட்டோம்.

இதை எல்லாம் இருபது ரூபாய் பத்திரத்துல ஒரே பக்கத்துல எழுதினோம். எழுதினது அப்பா. தளம் எத்தனை அங்குலம், கலவை என்ன விகிதம், வாட்டம் எந்த மூலைக்கு, எத்தனை நாள் தண்ணி விடணும், எல்லாம் அவரோட கரும்பலகைக் கையெழுத்துல. காண்ட்ராக்டர் படிச்சுப் பாத்துட்டு, "இப்படியே மொதல்லயே எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா நான் ரேட்டே வேற பேசியிருப்பேனுங்க சார்"னார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஆனா சரியான பேச்சு. அவர் சொன்ன ரேட்டுக்கு அவர் செஞ்ச தளம்தான் வரும். அந்த ரேட்டு குறைச்சல்னு சந்தோஷமாத் தலையாட்டினது நாங்க.

நாலாயிரம் வருஷமா சட்டம் எழுதினவங்க எல்லாம், ராஜாவோ, மந்திரியோ, வெள்ளைக்காரனோ, நம்ம பாராளுமன்றமோ, பி பக்கம்தான் நின்னிருக்காங்க. பி கையில இருக்க வேண்டியது அந்த 'குறிப்பிட்ட முறை' மட்டும்தான். அது ஏ-க்கும் காப்பு. எழுதியிருந்தா அவரும் நியாயமான கூலி கேட்டிருப்பார், வாத்தியார் போனை எடுக்காம ஒளிஞ்சிருக்க மாட்டார்.

மாசி மாசம் திரும்ப வேலை நடந்தது. சுண்ணாம்பு தட்டத் தெரிஞ்ச ரெண்டு பாட்டிகளை ஆத்தூர் பக்கத்துலேருந்து தேடிக் கூட்டிட்டு வந்தார். கோடை மழை ரெண்டு பலமா அடிச்சது, ஒழுகலை. மீதி 30,000 தர்றதுக்கு இன்னும் ஒரு ஐப்பசி பாக்கி இருக்கு. அப்பாவுக்கு இருப்புக்கொள்ளலை. போன வாரம் போன்ல, "அவன் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணுமாம், இப்பவே குடுத்துடட்டுமா கண்ணு?"ங்கறார்.

ஒப்பந்தத்துல மழைக்காலம்னு எழுதியிருக்கேப்பான்னேன். எழுதினது யாரு, நான்தானேங்கறார். இதுக்கு எந்தப் பிரிவுன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன் :)

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். நிஜமான பிரச்சனைன்னா விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காகிதங்களோட போங்க. காகிதம் இல்லேன்னா முதல்ல அதை உண்டாக்குங்க.

டிஸ்கி 2: உங்க வீட்டு ஏ கதைகளைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஏ-வோட பேர் வேண்டாம், 1872 மாதிரியே இருக்கட்டும்.